மேக்ரோவும் மொழியியல் வகுப்பும்

லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கீம் மொழியில் மேக்ரோ எழுதுவது, அம்மொழிக்கே ஒரு புதிய தொடரமைப்பைச் சேர்ப்பதாகும். ‘சின்டாக்ஸ்-ரூல்ஸ்’ முறையில் உள்ளீட்டின் வடிவமும் அது மாறவேண்டிய வடிவமும் அருகருகே நிற்கின்றன. மாற்றிலக்கணம் பயின்றோருக்கு இது பழகிய விதியே.

இரு மாறிகளின் மதிப்புகளை இடம் மாற்றும் மேக்ரோவினுள் ‘டெம்ப்’ என்ற தற்காலிகப் பெயர் உள்ளதெனக் கொள்க. பயனரின் மாறியும் அப்பெயரையே கொண்டிருப்பின், பழைய லிஸ்ப் மேக்ரோவில் மதிப்புகள் இடம் மாறா, பிழைச்செய்தியும் எழாது. ஸ்கீம் இரண்டையும் பிரித்தறியும். 1986இல் கோல்பெக்கரும் பிறரும் வகுத்த இப்பெயர்த்தூய்மை, 1998இன் ஐந்தாம் திருத்த அறிக்கையில் மொழியின் கட்டாயக் கூறாயிற்று.

ஒரு பெயர் எங்கே பிறந்தது, எதுவரை ஆளும் என்பது மொழியியலின் வினாவும்தான். நிரலாக்கத்தைச் சொற்களை எண்ணும் கருவியாக மட்டும் கற்பிக்கும் பாடத்திட்டம், இவ்வினாவை மாணவரிடமிருந்து மறைக்கிறது.