பம்பரமா சுத்தினா..?

விமானம் தலைகுப்புற விழுது. நீங்கதான் பைலட். என்ன செய்வீங்க? 'ஸ்டிக்கை இழுத்து மூக்கைத் தூக்குவேன்'னுதானே சொல்றீங்க? அங்கேதான் பாஸ் ஆபத்தே!

இறக்கை காற்றைச் சந்திக்கிற கோணம் அளவுக்கு மீறினா, தூக்குவிசை சரிஞ்சிடும். அது 'ஸ்டால்'. ஒரு பக்க இறக்கை மட்டும் அதிகமா ஸ்டால் ஆனா, விமானம் பம்பரமா சுத்திக்கிட்டே இறங்கும். அது 'ஸ்பின்'.

1912 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வில்ஃபிரட் பார்க் இதில் மாட்டினார். ஸ்டிக்கை இழுத்தார், பலிக்கலை. கடைசி முயற்சியா, சுத்துற திசைக்கு எதிரா ரடரை மிதிச்சார். தரைக்குச் சுமார் 50 அடி இருக்கும்போது விமானம் நிமிர்ந்தது!

இன்னிக்கு ஃபார்முலா ரெடி. இன்ஜின் சக்தியைக் குறை, ஐலரானை நடுவில் வை, எதிர் ரடரை மிதி, ஸ்டிக்கை முன்னால் தள்ளு. சுத்து நின்னதும் ரடரை நேராக்கி, மெதுவா மேலே எழும்பு. படிக்க ஈஸி. ஆனா பூமியே சுத்தும்போது ஸ்டிக்கை முன்னால் தள்ள மனசு வருமா? அதுக்குத்தான், ஏரோபாட்டிக் விமானத்தில், நல்ல உயரத்தில், பயிற்சியாளரோட திரும்பத் திரும்பப் பழகணும்.

2009 ஜூன் 1. ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் ஸ்டால் எச்சரிக்கை அலறியும், ஸ்டிக் பெரும்பாலும் பின்னால் இழுக்கப்பட்டே இருந்தது. அட்லாண்டிக் கடலில் 228 பேரும் பலி. 2019 டிசம்பரில் ஐரோப்பா, கமர்ஷியல் பைலட் ஆக வர்றவங்களுக்கு நிஜ விமானத்திலேயே மீட்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது.

ஃப்ளையிங் ஸ்கூல் கனவில் இருக்கிற ஃப்ரெண்ட்ஸ்... ஃபீஸ் எவ்வளவுன்னு விசாரிக்கிறப்பவே, 'ஸ்பின்னிலிருந்து மீளக் கத்துத் தருவீங்களா?'ன்னும் கேட்டுடுங்க!