முகமது அலி: சாம்பியனா, சரித்திர நாயகரா?

திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் போன வாரம் ஒரு வாக்குவாதம். "ஐந்து தடவை தோற்றவரைப் போய்ச் சரித்திர நாயகர் என்கிறீர்களே!" என்றார் பார்சல் ஆபீஸ் நண்பர். பேச்சு, குத்துச்சண்டை வீரர் முகமது அலியைப் பற்றியது.

உடனிருந்த பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. 1980-ல் அலி சென்னை வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டியில் மோதினார். முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். சித்தூரிலிருந்து காட்பாடி போய், வண்டி மாறிச் சென்று அதைப் பார்த்தவர் இவர். "நேரில் பார்த்திருந்தால் இப்படிப் பேச மாட்டாய், தம்பி" என்றார்.

பார்த்த பரவசம் வேறு, தீர்ப்பு வேறு. அலி 61 போட்டிகளில் 56-ல் வென்றார். ராக்கி மார்சியானோவோ 49 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஜோ லூயி 1937 முதல் 1949 வரை பட்டத்தை விட்டுக் கொடுக்கவில்லை. வெற்றிக் கணக்குதான் அளவுகோல் என்றால் நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு.

ஆனால் 1967-ஐ மறக்கலாமா? வியட்நாம் போர் நடந்த அந்த நாளில் அமெரிக்க ராணுவத்தில் சேர மறுத்தார் அலி. வயது 25. உலகப் பட்டம் கையில். பட்டத்தைப் பறித்தார்கள், லைசென்சை ரத்து செய்தார்கள், ஐந்தாண்டு சிறைத் தண்டனையும் விதித்தார்கள். அப்பீல் செய்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் உடல் முறுக்கேறியிருந்த மூன்றரை ஆண்டுகள் வீணாயின. 1971-ல்தான் சுப்ரீம் கோர்ட் தண்டனையை ரத்து செய்தது. 1974-ல், 32-வது வயதில், ஜார்ஜ் போர்மனை எட்டாவது சுற்றில் வீழ்த்திப் பட்டத்தை மீட்டார்.

ஒரு மெமோ வந்தாலே நமக்குத் தூக்கம் போய்விடுகிறது. 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தில் வேலை பறிபோனவர்களின் குடும்பங்களைக் கேளுங்கள். பிழைப்பைப் பணயம் வைப்பது என்றால் என்னவென்று சொல்வார்கள்.

அலியிடம் குறை இல்லையா? உண்டு. தடைக் காலத்தில் தமக்காகப் பரிந்து பேசிய ஜோ பிரேசியரை, 1975 மணிலா போட்டிக்கு முன் 'கொரில்லா' என்று ஊரறிய ஏளனம் செய்தார். நிறவெறியை எதிர்த்தவர், தம் இனத்தவரையே அப்படிச் சொன்னது தவறு. அந்தக் காயம் பிரேசியருக்கு நெடுங்காலம் ஆறவில்லை. ஓய்வு பெற வேண்டிய நேரத்தில் ஓய்வு பெறாமல், 1980-லும் 1981-லும் அடி வாங்கித் தோற்றதும் உண்மை.

அந்தக் குறைகளோடு சேர்த்தே அவர் சரித்திர நாயகர் என்பது என் முடிவு. பட்டம் வென்றவர்கள் பலர். மனசாட்சிக்காக, வென்ற பட்டத்தை இழக்கத் துணிந்தவர்கள் எத்தனை பேர்? 1996-ல் அட்லாண்டாவில், பார்க்கின்சன் நோயால் நடுங்கிய கையோடு அவர் ஒலிம்பிக் சுடர் ஏற்றியபோது உலகம் கண் கலங்கியது, அவர் போட்ட குத்துகளை எண்ணி அல்ல.