உழைக்கிற உடம்பும் ஒரு கோலி சோடாவும்

"கூழு குடிச்ச உடம்புக்குக் கோளாறு வராது. மாரடைப்பெல்லாம் பட்டணத்துக்காரன் சொத்து!" எங்கள் பண்டசோழநல்லூரில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டால் இந்த வசனமும் கூடவே மேடை ஏறிவிடும். எத்தனையோ வருஷமாகக் கேட்கிறேன். வாய்தான் மாறுகிறது, வசனம் மாறுவதில்லை. இந்த வருஷம் பேசியவர் ஏசி காரில் வந்து இறங்கினார். கடைசியாக எப்போது கூழ் குடித்தீர்கள் என்று கேட்க எழுந்தேன். பக்கத்திலிருந்த மைத்துனர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். அங்கே விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கூழ். எங்கள் பாகூர் பக்கத்துக்குப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர். நம் வீடுகளில் மூன்று வேளையும் சோறுதான்; கூழ் ஆடி மாசத்து அம்மனுக்கு. ஆடிக்கு ஒரு நாள் ஊற்றுகிற கூழ் வருஷம் முழுக்க இதயத்தைக் காக்கும் என்றால் அது அம்மன் செயல், கேழ்வரகின் செயல் அல்ல.

அடுத்தது, "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தார்." இருந்திருப்பார். நாடு விடுதலை அடைந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டித்தான் இருந்தது. அவரோடு பிறந்தவர்களில் எத்தனை பேர் மாரடைப்பு வருகிற வயதையாவது எட்டிப் பார்த்தார்கள் என்று சுடுகாட்டில்தான் விசாரிக்க வேண்டும்.

"உழைக்கிற உடம்பு" என்கிறார்கள். எந்த உழைப்பு? உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மெஷின், டீக்கடைக்கு டூவீலர். உழைப்பு போய்விட்டது, உழைப்பாளி என்ற பட்டம் மட்டும் மிச்சம்.

"நம்ம ஆளு ஒல்லி, அவனுக்கு ஏது சுகர்?" என்பதற்கு ஒரு படமே பதில். புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டது. 2004இல் லான்செட் இதழில் வந்தது. உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தால் வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. கை கால் குச்சியாக இருக்கும், வயிற்றுக்குள் கொழுப்பு குடியிருக்கும். நம்மூரில் வேட்டி மடிப்புக்கு மேலே லேசாகத் தள்ளி நிற்கிற தொப்பையைச் செழிப்பு என்போம்.

இனி அந்தப் 'பட்டணத்து வியாதி'. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. நீரிழிவில் கோவா முதலிடம், 26.4 சதவீதம். அதற்கு ஒரு நூலிழை பின்னால் புதுச்சேரி, 26.3. நாட்டுச் சராசரியோ 11.4தான். "அது டவுன்காரன் கணக்கு" என்று எழுந்து நிற்பார்கள் என்று தெரியும். சரி, டவுனே இல்லாத கணக்குக்கு வருவோம். ஆந்திராவில் கோதாவரிப் பக்கம் 45 கிராமங்களில் நடந்த சாவுகளை 2003–04இல் ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒன்று இதயநோய், பக்கவாதம் வகையறா. அதுவும் நெல் விளைகிற சீமைதான்.

இதைவிட உறைக்கிற கணக்கு ஒன்று உண்டு. மருத்துவர் சலீம் யூசுப் குழுவினர் 17 நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து 2014இல் வெளியிட்டது. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் மாரடைப்புக்கான காரணங்கள் நகரத்தில்தான் அதிகம். மேடைக்காரர் இந்த இடத்தில் கைதட்டிக்கொள்ளலாம். ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் வந்தது கிராமத்தில் அதிகம். வந்தவர்களில் செத்தவர்கள் நகரத்தில் 13.52 சதவீதம், கிராமத்தில் 17.25. அதாவது, பட்டணத்துக்காரன் சொத்தைச் சேர்க்கிறான், அனுபவிக்கிறவன் நம்ம ஆள்.

ஏன் இப்படி? மருந்து மாத்திரை எட்டாதது, ஆஸ்பத்திரி தூரம் என்று பண்டிதர்கள் சொல்வார்கள். உண்மைதான். எனக்குத் தெரிந்த இன்னொரு காரணம் அந்த மேடை வசனம்.

என் பங்காளி ஒருவர். 51 வயசு. அறுப்பு முடிந்த அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு நெஞ்சை அடைக்கிறது என்றார். வியர்த்துக் கொட்டியது. இடது கை மரத்துப்போனது. "வாய்வுப் பிடிப்பு" என்று தீர்ப்பு வந்தது. ஒரு கோலி சோடா. கேட்கவில்லை, ஓமத் தண்ணி. அப்புறம் பெருங்காயம் கரைத்து. "உழைக்கிற உடம்பு மாமா, ஒண்ணும் ஆவாது" என்று ஆளாளுக்குத் தைரியம் சொன்னார்கள். விடியற்காலை நாலு மணிக்குத்தான் காருக்கு ஆள் அனுப்பினோம். ஏம்பலம், வில்லியனூர் தாண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பொழுது வெளுத்துவிட்டது. இ.சி.ஜி. தாளைப் பார்த்த டாக்டர், "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்றார். எங்கள் ஐந்து பேரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்க மருந்து இருக்கிறது. முதல் ஓரிரு மணி நேரத்தில் போட்டால் அதற்கு இருக்கிற பலம், ஆறேழு மணி நேரம் கழிந்தால் இல்லை. அதற்குள் இதயத் தசை பெரும்பகுதி செத்துவிடும். அவர் பிழைத்தார். ஆனால் வரப்பில் பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறார்.

51 சின்ன வயசு என்று அன்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். ஆச்சரியம் ஒன்றுமில்லை. அதே யூசுப் குழு 52 நாடுகளில் நடத்திய முந்தைய ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்றவர்களுக்கு 59. வாய் கோணி, கை இழுத்துக்கொண்டால் இதே கதைதான். பக்கவாதத்துக்குக் கட்டி கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நாமோ முதலில் மந்திரிக்கப் போகிறோம், பிறகு எண்ணெய் தேய்க்கப் போகிறோம்.

திருவிழா முடிந்ததும் விழாக் கமிட்டியிடம் போனேன். அடுத்த வருஷம் பந்தல் ஓரத்தில் ஒரு மேஜை போட்டு, நர்ஸம்மா ஒருத்தரை உட்கார வைத்து, வருகிறவர்களுக்குப் பிரஷரும் சுகரும் பார்க்கலாமே, மேடைச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாதே என்றேன்.

தலைவர் முகம் சுளித்தார். "நல்ல நாளும் அதுவுமா நோய்ப் பேச்சு எதுக்குண்ணே?"