பித்துக்கு ஒரு வேர்

"கிரகக் கோளாறு" என்கிறார் ஜோசியர். "காற்றுச் சேஷ்டை" என்கிறாள் பாட்டி. "திமிர்தான், வேறொன்றுமில்லை" என்று தீர்ப்புச் சொல்லுகிறார் மாமா. வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டால் நம் குடும்பங்களில் காதில் விழும் வார்த்தைகள் இவை. மூளைக்குள் ஊறுகின்ற சில ரசாயன வஸ்துக்களைப் பற்றி மட்டும் யாரும் பிரஸ்தாபிப்பதில்லை. இந்த வாரம் அவற்றைப் பற்றியே எழுத உத்தேசித்திருக்கிறோம்.

மனிதனுடைய மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. இவை பெரும்பாலும் ஒன்றை ஒன்று தொடுவதில்லை என்பதுதான் விந்தை. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதினாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு இடைவெளி நடுவே இருக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டிச் செய்தி கொண்டுபோகும் தூதர்களே நாம் சொல்லும் ரசாயன வஸ்துக்கள். நரம்பு ரசாயனத்தால் பேசுகிறது என்று 1921-ஆம் ஆண்டில் நிரூபித்தவர் ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்து ஆசிரியரான ஆட்டோ லோவி. ஒரு தவளையின் இருதயத்துக்குப் போகும் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்தார். அந்த இருதயத்தில் நிரப்பியிருந்த திரவத்தை எடுத்து மற்றொரு தவளையின் இருதயத்தில் விட்டார். அதுவும் துடிப்புத் தணிந்தது! இந்தப் பரிசோதனையைச் செய்யும் விதம் தமக்குக் கனவில் தோன்றியதாக லோவியே சொல்லியிருக்கிறார். 1936-இல் அவருக்கும் இங்கிலாந்தின் ஸர் ஹென்றி டேலுக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

இருதயத்தின் கதை இருக்கட்டும். மனத்தின் கதை வெளிப்பட்டது நம் நாட்டு வேர் ஒன்றினால். சர்ப்பகந்தி என்னும் செடியை நேயர்களில் சிலர் அறிந்திருக்கலாம். பீஹாரில் அதன் வேருக்குப் 'பாகல் கீ தவா', அதாவது பைத்தியத்துக்கு மருந்து, என்றே பெயர். 1931-இல் கல்கத்தாவில் கணநாத ஸேனும் கார்த்திக் சந்திர போஸும், இவ்வேர் சித்தப் பிரமையையும் இரத்தக் கொதிப்பையும் தணிப்பதாக எழுதினார்கள். அதே சமயத்தில் டில்லியில் ஸலீமுஸ்ஸமான் ஸித்திகி அதிலிருந்து சில ஸத்துக்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்குக் காங்கிரஸ் மகாசபைத் தலைவராக இருந்த ஹக்கீம் அஜ்மல்கானின் ஞாபகமாக 'அஜ்மலின்' என்று பெயர் சூட்டினார். 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல் தம்முடைய இரத்தக் கொதிப்பு நோயாளிகளின் விவரங்களை பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்ட பிறகுதான் மேல்நாடு விழித்துக்கொண்டது. 1952-இல் ஸ்விட்ஸர்லாந்துக்காரர்கள் 'ரெஸெர்பின்' என்னும் ஸத்தைப் பிரித்தார்கள். 1954-இல் நியூயார்க்கிலிருந்து நேதன் கிளைன் அது பித்தர்களைச் சாந்தப்படுத்துகிறது என்று அறிவித்தார். கிராமத்து வைத்தியர் வெகு காலமாய்ச் சொன்னதைக் கேட்க நாட்டாருக்கே காதில்லாதபோது, அந்நியரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

மருந்து வேலை செய்கிறது, எப்படிச் செய்கிறது? ரெஸெர்பின் நரம்பணுவுக்குள்ளே தூதர்கள் தங்கியிருக்கும் சிறு பைகளைக் காலி செய்துவிடுகிறது என்பது அப்பொழுது தெரியவந்தது. 1957-இல் ஸ்வீடன் தேசத்து ஆர்விட் கார்ல்ஸன் முயல்களுக்கு இம்மருந்தைக் கொடுத்தார். அவை காதுகள் தொங்க, கல்லாய்ச் சமைந்துவிட்டன. பிறகு 'எல்-டோபா' என்ற பொருளை ஊசியால் ஏற்றினார். சற்று நேரத்துக்கெல்லாம் முயல்கள் எழுந்து நடமாடின! எல்-டோபாவிலிருந்து மூளை தயாரித்துக்கொள்ளும் டோபமைன் தானே ஒரு தூதர் என்பது இவ்விதம் புலனாயிற்று. கை நடுங்கி உடல் விறைக்கும் பார்க்கின்ஸன் நோயில் மூளையின் ஒரு பாகத்தில் டோபமைன் வற்றிப்போயிருப்பதை வியன்னாவில் 1960-இல் கண்டார்கள்; இன்றும் அந்நோய்க்கு முக்கிய மருந்து எல்-டோபாதான். நம் வேலிகளில் படரும் பூனைக்காலி விதையில் அதே எல்-டோபா இருப்பதை 1937-ஆம் ஆண்டிலேயே சென்னையில் தாமோதரன், ராமஸ்வாமி என்ற இருவர் பிரித்துக் காட்டியிருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஆனால் இதிலிருந்து 'இன்ன தூதர் குறைந்தால் துக்கம், இன்னவர் மிகுந்தால் ஆனந்தம்' என்று பஞ்சாங்கம் போல் கணித்துவிடலாகாது. ஸெரடோனின் குறைவதே மனச்சோர்வுக்குக் காரணம் என்று வெகு காலம் பிரசாரம் நடந்தது. 2022-இல் வெளியான ஒரு விரிவான பரிசீலனை அதற்குத் திடமான சான்றில்லை என்று சொல்லிவிட்டது. டோபமைனும் ஒரே வேலைக்காரர் அல்ல. ஓரிடத்தில் அங்கங்களை அசைக்கிறார், மற்றோரிடத்தில் ஆசையை மூட்டுகிறார். பார்க்கின்ஸன் நோய்க்காக டோபமைனைப் போல வேலை செய்யும் மருந்துகளைச் சாப்பிட்டவர்களில் சிலர், அதுவரை சீட்டுக்கட்டையே தொடாதவர்கள், சூதாடப் புகுந்ததை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். அவர்களை ஒழுக்கங்கெட்டவர்கள் என்று எந்த மாமா தீர்ப்புச் சொல்வார்?

இவையெல்லாம் வெறும் ஏட்டுச் சமாசாரம் அல்ல. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி, இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், கொட்டகை ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். ஓடித் தப்ப அவர்களுக்குக் கால் விடுதலை இல்லை. மனநோயாளி எவரையும் எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருக்கிறது.

வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் வீடுகளிலும் ஒரு சங்கடம் உண்டு. மனச்சோர்வுக்குரிய மாத்திரைகள் சில மணி நேரத்திலேயே தூதர்களின் அளவை மாற்றத் தொடங்குகின்றன. நோயாளியின் மனமோ தெளிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும், பிடிக்கிறது. இந்தத் தாமதம் ஏன் என்பது நிபுணர்களுக்கே இன்னும் தீராத வழக்கு. பத்தாம் நாள், "குணம் ஒன்றும் தெரியவில்லையே!" என்று மாத்திரையை வைத்தியரைக் கேளாமல் நிறுத்திவிட்டு மந்திரவாதியைத் தேடி வண்டி பூட்டுகிறவர்கள், இன்னும் சில தினம் பொறுத்து அந்த வண்டியை வைத்தியர் வீட்டுக்கே மறுபடி ஓட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.