வரிசை மாறலாம், ரெண்டு தடவை வரக்கூடாது!

எக்ஸ்எம்எல் ஸ்கீமா எழுதச் சொன்னால் நம்மில் பலர் யோசிக்காமல் 'சீக்வென்ஸ்' போட்டுவிடுகிறோம். லேப் ரெக்கார்டில் அப்படித்தான் இருக்கும், வைவாவிலும் யாரும் ஏன்னு கேட்கிறதில்லை. ஆனா சீக்வென்ஸ் என்றால் எலிமென்ட்கள் சொன்ன வரிசையில்தான் வரணும். ஒரு மாணவர் விவரத்தில் பெயருக்கு முன்னாடி பிறந்த தேதி வந்துட்டா எர்ரர். தகவலில் தப்பே இல்லை, ஆனாலும் எர்ரர்!

இதற்குப் பலரும் பிடிக்கிற குறுக்குவழி, 'சாய்ஸ்' போட்டு 'மேக்ஸ்அக்கர்ஸ்' மதிப்பை 'அன்பவுண்டட்' ஆக்குவது. எர்ரர் போயிடும், கூடவே பாதுகாப்பும் போயிடும். ரெண்டு பிறந்த தேதி இருந்தாலும் பாஸ், பதிவு எண்ணே இல்லாட்டியும் பாஸ். எந்தத் தேதியை எடுப்பது என்பது படிக்கிற புரோகிராமின் இஷ்டம். இப்படி ஒரு ஸ்கீமா இருப்பதற்கு இல்லாமலே இருக்கலாம். 'செக் பண்ணியாச்சு' என்ற பொய் நம்பிக்கையாவது மிஞ்சாது.

'எந்த வரிசையிலும் வரலாம்', 'ஒரு தடவைதான் வரணும்' ரெண்டும் வேற வேற நிபந்தனைகள். 1986-ல் வந்த எஸ்ஜிஎம்எல்லில் இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு குறியீடு இருந்தது. 1998-ல் எக்ஸ்எம்எல் அதைக் கைவிட்டது. அதனால் டிடிடியில் எல்லா வரிசைகளையும் நாமே எழுதணும்: 3 எலிமென்ட்டுக்கு 6, 5 எலிமென்ட்டுக்கு 120. யாரால முடியும்?

2001-ல் வந்த எக்ஸ்எஸ்டி 1.0 இதற்குத்தான் 'ஆல்' கொடுத்தது. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு தடவை, எந்த வரிசையிலும் வரலாம். கட்டாயமில்லாததுக்கு 'மின்அக்கர்ஸ்' 0 போட்டால் போதும்.

குறைகளும் உண்டு. ஆலை சீக்வென்ஸுக்குள் வைக்க முடியாது, 1.0-ல் எதுவும் ஒரு தடவைக்கு மேல் வராது. 2012-ல் வந்த 1.1 இந்த இரண்டாவது தடையை நீக்கியது, ஆனா டாட்நெட் மாதிரி பல இடங்களில் இன்னும் 1.0-தான். அங்கே பல பாடங்கள் வேணும்னா, 'பாடங்கள்' என்று ஒரே எலிமென்ட்டை ஆலில் வைத்து, அதற்குள் எத்தனை 'பாடம்' வேணுமோ அடுக்கலாம்.

புரோகிராமே ஃபைலை உருவாக்கினால் வரிசை மாறாது, சீக்வென்ஸே போதும். மனுஷன் கையால் எழுதுகிற கான்ஃபிக் ஃபைலுக்கு ஆல்தான் நியாயம். அர்த்தமில்லாத வரிசைக்காக யூசரைத் திட்ட வேண்டாம். அர்த்தமுள்ள தப்பை விட்டுவிடவும் வேண்டாம்.