போர்டு வந்துவிட்டது, அளக்கும் கருவி எங்கே?

2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் என்று காட்ட, நாடே பதறியது. உணரி ஏறக்குறைய 3 டிகிரி கூட்டிக் காட்டியிருக்கிறது என்று வானிலை ஆய்வுத் துறை பிறகு அறிவித்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தரமான கருவி இருந்ததால்தான் அந்தப் பிழை பிடிபட்டது. இதே நகரில் சார்ஜரும் இன்வெர்ட்டரும் வடிவமைக்க முனையும் மாணவருக்கும் சிறுதொழில் செய்பவருக்கும் அப்படி ஒரு கருவி எளிதில் வாய்ப்பதில்லை. சிப் நிறுவனங்கள் விற்கும் பவர் கன்வெர்ட்டர் மாதிரி போர்டுகள் சுலபமாகக் கிடைக்கின்றன. வடிவமைப்பு மென்பொருளை அரசே கல்லூரிகளுக்குத் தருகிறது. வடிவமைத்ததை மேசையில் வைத்து அளப்பதற்கான செலவுதான் கடைசியில் நினைவுக்கு வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். 100 வாட் வாங்கி 95 வாட் தரும் கன்வெர்ட்டரில் வெப்பமாக வீணாவது 5 வாட். உள்ளே போவதை அளப்பதில் 1 சதவீதமும் வெளியே வருவதை அளப்பதில் 1 சதவீதமும் பிசகினால், அந்த 5 வாட் 3 ஆகவும் தெரியலாம், 7 ஆகவும் தெரியலாம். மூன்று என்று நம்பி ஹீட் சிங்கைச் சிறிதாக்கினால், அடிபடுவது பக்கத்திலுள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது துறையில் வழங்கும் கணக்கு. டெல்லியின் மே மாத வெயிலில் இ-ரிக்‌ஷாக்களுக்குச் சார்ஜ் ஏற்றும் கருவிக்கு இது சின்ன விஷயமில்லை.

இத்தனைக்கும் பிசகு எங்கிருந்து வருகிறது என்பது புதிரல்ல. 10 ஆம்பியர் ஓடும் வயரில் 20 மில்லிஓம் தடை இருந்தாலே 0.2 வோல்ட் வழியில் போய்விடும். 5 வோல்ட் வெளியீட்டில் அது 4 சதவீதம். மின்னழுத்தத்தைப் போர்டின் முனையிலேயே தனி வயர்களால் அளந்தால் தீர்ந்தது. ரியோஸ்டாட்டைக் கையால் நகர்த்தி, சுமை திடீரென ஏறும்போது கன்வெர்ட்டர் எப்படித் தடுமாறுகிறது என்று பார்க்க முடியாது. அதற்கு எலெக்ட்ரானிக் லோடு வேண்டும். ஆஸிலோஸ்கோப் ப்ரோபின் நீண்ட எர்த் வயர் சுற்றியுள்ள இரைச்சலை வாங்கி, இல்லாத சிற்றலைகளைத் திரையில் காட்டும். மெயின்ஸோடு நேரடித் தொடர்புள்ள பகுதியில் அந்த எர்த் கிளிப்பை மாட்டினால் ஷார்ட் சர்க்யூட்தான். அதற்குப் பயந்து ஆஸிலோஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவது உயிரோடு விளையாடுவது: கருவியின் உலோகப் பாகங்களிலேயே மின்சாரம் ஏறி நிற்கும். இந்த ஆபத்தில்லாமல் அளக்க உதவும் டிஃபரென்ஷியல் ப்ரோபை ஆடம்பரம் என்று வெட்டிவிடும் கொள்முதல் குழு இதை யோசிக்க வேண்டும்.

சிமுலேஷன் போதாதா என்பார்கள். போர்டில் உண்மையில் எவ்வளவு சூடு ஏறும், சாலிடர் எப்படி இருக்கிறது என்பதெல்லாம், நாம் ஊட்டாதவரை மென்பொருளுக்குத் தெரியாது. ஊட்டவேண்டிய எண்களும் அளந்துதான் வரவேண்டும். ஓக்லாவில் மத்திய அரசின் மின்னணுச் சோதனைக்கூடம் இருக்கிறதே என்றால், அங்கே போவது பொருள் முடிந்த பிறகு, சான்றிதழுக்காக. தவறு அங்கே தெரிந்தால், திருத்தும் செலவு பல மடங்கு.

பணம் என்ற ஆட்சேபம் வலுவானது, அதை மறுக்க மாட்டேன். நல்ல கருவிகள் லட்சங்களில் போகும். ஆனால் வயரை மாற்றி அளப்பதற்கும், நீண்ட எர்த் வயருக்குப் பதில் குட்டி ஸ்பிரிங் பொருத்துவதற்கும் பெரிய செலவில்லை. விலையுயர்ந்தவற்றை ஒவ்வொரு கல்லூரியும் வாங்க வேண்டியதுமில்லை. ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்ள 2020-இல் தொடங்கிய ஐ-ஸ்டெம் தளம் ஏற்கெனவே இருக்கிறது. டெல்லி அரசின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நேதாஜி சுபாஷ் பல்கலைக்கழகமும் தலா ஒரு மேசையை மாலை நேரங்களில் கட்டணத்துக்கு வெளியாருக்குத் திறக்கலாம். கருவி பீரோவில் பூட்டிக் கிடக்கும் என்ற சந்தேகம் நியாயமானதே. அதனால் கருவிக்கு ஒதுக்கும் தொகையிலேயே ஒரு டெக்னீஷியனின் சம்பளத்தையும் ஆண்டுதோறும் அளவைச் சரிபார்க்கும் செலவையும் சேர்க்க வேண்டும். நாட்டின் அளவுத் தரங்களைக் காக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம் டெல்லியின் பூசாவில்தான் இருக்கிறது. அந்தத் தரங்களோடு ஒத்துப்பார்த்த தேதி இல்லாத மீட்டரில் எடுத்த அளவை, மாணவரின் புராஜெக்ட் அறிக்கையில்கூட ஏற்கக் கூடாது.