கந்தலும் கலையும்

கைத்தொழில் என்று யாராவது வாயெடுத்தால் போதும், "பரம்பரை ஞானம்", "தெய்வ கடாட்சம்" என்று உருகுகின்றவர்கள் நம் நாட்டில் ஏராளம். அவர்களுக்கு அமெரிக்காவில் அலபாமா மாகாணத்திலுள்ள ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் சங்கதியை எடுத்துக் காட்ட விரும்புகின்றோம்.

அவ்வூரார் பருத்திப் பண்ணையில் அடிமைகளாயிருந்த கருப்பு மக்களின் சந்ததியார். 1845ல் பண்ணையை வாங்கிய பெட்வே என்பவனுடைய பெயரே இன்றும் பலருக்குக் குடும்பப் பெயர். (எசமான் பெயரைச் சுமப்பது இன்னதென்று நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.) 1865ல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தும் கடன் ஒழியவில்லை. 1932ல் கடன் கொடுத்த வியாபாரி செத்துப்போக, அவன் குடும்பத்தார் சுமார் 60 வீடுகளில் புகுந்து மாடு, கலப்பை, தானியம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள்.

இப்பேர்ப்பட்ட வீடுகளின் பெண்கள்தான் வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டைகளையும் மாவுச் சாக்குகளையும் வெட்டி, ஒட்டுப் போட்டு, உள்ளே பஞ்சு வைத்துப் போர்வை தைத்தார்கள். முழங்கால் தேய்ந்த இடம் வெளுத்திருக்கும். பை இருந்த இடம் வெளுக்காமல் கருநீலமாயிருக்கும். அந்த வித்தியாசத்தையே அழகாக்கினார்கள். எந்தச் சரஸ்வதி வந்து கற்றுக் கொடுத்தாள்? பலகை இடுக்கில் புகுந்த குளிரல்லவா கற்றுக் கொடுத்தது! தாய் தைக்க மகள் பார்த்துக் கற்றாள்; பரம்பரை என்பது அவ்வளவுதான். இந்தப் பரம்பரையைச் சொல்லித்தான் 1953ல் சென்னை ராஜ்யத்தில் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டார்கள். மக்கள் எதிர்ப்பால் 1954ல் அது ஒழிந்தது.

ஜீஸ் பெண்ட் மக்கள் ஓட்டுரிமைக்குப் பதிய ஆற்றின் அக்கரையிலுள்ள கேம்டன் ஊருக்குப் போக வேண்டும். அவர்கள் அதற்குத் துணிந்த காலத்தில், 1962ல், தோணிப் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. சுற்றுவழி சுமார் 40 மைல். அப்படியும் அடங்கினார்களா? இல்லை. 1966ல் அச்சுற்றுவட்டாரப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தம் போர்வைகளைத் தாமே விற்றார்கள்.

பிறகுதான் பெரிய மனிதர்களுக்குக் கண் திறந்தது. 2002ல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் காட்சிசாலைச் சுவர்களில் அதே கந்தல் தொங்கிற்று. நவீன ஓவியமென்று புகழ்ந்தார்கள். புகழ்ச்சி வயிற்றை நிரப்பியதா? 2007ல் அப்பெண்களில் சிலர், தங்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லையென்று நீதிமன்றம் ஏறினார்கள். மறு வருஷம் ராஜியாயிற்று.

2006ல் அப்போர்வைகளின் படத்தை அரசாங்கம் தபால் தலையில் அச்சிட்டது. 44 வருஷம் நின்றிருந்த தோணியும் அந்த வருஷந்தான் திரும்பி வந்தது.